பயப்படுகிறவர்களுக்கான பக்கம்

ஜூன் 4

சர்வர் அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆவல் இல்லை. அலுவல்தான்.

கடிதத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. என் போன் நம்பரை நீ முடக்கி வைத்திருக்கிறாய். என் மின்னஞ்சல் உன் குப்பைக்கூடைக்கு நேர்வழியில் போகிறது. மிஞ்சியவர் தபால்காரர். அவரை முடக்கும் பொத்தானை உன்னைப் போன்ற மேதைகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

விஷயம் இது. முந்தாநாள் மதியம் அம்மாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு நர்ஸ் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாசலில் நின்றுகொண்டே, இணையதளத்தில் வகுப்புக்கு நேரம் பதியப் போனேன், ஒன்றும் வரவில்லையே, ஸ்கூலை மூடிவிட்டீர்களா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். முகப்பில் ஒரே ஒரு வரி: "இந்தத் தளம் பராமரிப்பில் உள்ளது." பெற்றவளைப் பராமரிக்காதவன் தளத்தைப் பராமரிக்கிறானாம். எட்டு மாதத்தில் நீ செய்த முதல் நகைச்சுவை இது, அதுவும் தெரியாமல் செய்தது.

என் பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை. சாவியை மாற்றியவன் நீதான். வேறு யாரிடமும் பூட்டு இல்லை.

உனக்கு மறந்திருக்கலாம், நினைவூட்டுகிறேன். இந்தத் தளத்துக்குத் திட்டம் போட்டது நம் சாப்பாட்டு மேஜையில். சேர்க்கைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நீ ஐந்து பெட்டி வரைந்தாய்: முகப்பு, வகுப்புகள், கார்கள், ஆசிரியர், நேரம் பதிய. நான் பென்சிலைப் பிடுங்கி ஆறாவதாக ஒன்று வரைந்தேன். அதில் என்ன வரும் என்று கேட்டாய். தெரியாது, வரும்போது வரும் என்றேன். அன்றைக்கே ஒப்பந்தமும் போட்டோம். கூடு கட்டுவது நீ, முட்டையிடுவது நான். நீ எழுத்தில் கை வைக்கக் கூடாது, நான் அமைப்பில் கை வைக்கக் கூடாது, ஒருவர் பக்கத்தில் மற்றவர் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. (முட்டை என்றதும் உன் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் கண்ணில் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.)

நீ வேலை கிடைத்துப் போனபோது தளத்தையும் உன் கம்பெனி சர்வரில் ஏற்றிக்கொண்டு போனாய். அம்மா இன்றும் பக்கத்து வீட்டில் "பையன் சர்வர் பார்த்துக்கிறான்" என்றுதான் சொல்கிறாள். அவர்கள் எந்த ஹோட்டலில் என்று கேட்கிறார்கள்.

நாற்சந்தியில் சிவப்புக் கார்களோடு புதிதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் திறந்திருக்கிறது. நம் வீட்டுக் கதவு மூடியிருந்தால் ஜனங்கள் அங்கே போவார்கள். இது உனக்கு ஒரு பொத்தான். அம்மாவுக்குப் பிழைப்பு. திற.

இப்படிக்கு,
முடக்கப்பட்ட தங்கை


ஜூன் 10

வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு வேலை இருக்கிறது.

தளம் பழுதாகவில்லை. நிறுத்தியது நான். காரணம் உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்காதே. அந்த ஆறாவது பெட்டியில் நீ போட்ட பக்கம். "பயப்படுகிறவர்களுக்கு."

எங்கள் அலுவலகத்தில் மதியம் எல்லோரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவோம். டிசைனர் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய தங்கை உங்கள் ஊரில் இருக்கிறாள், கார் ஓட்டப் பயப்படுகிறவள். அவளுக்காகத் தேடியிருக்கிறாள். உன் பக்கம் வந்திருக்கிறது. அடியில் தளத்தைக் கட்டியவர் என்று என் பெயர். பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படித்தாள்: "ஆயிரம் பேருக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுத்திருக்கேன். என் சொந்தப் பையன் மூணு தடவை டெஸ்ட்ல ஃபெயில்." அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மறுநாள் காலை என் நாற்காலியின் முதுகில் ஒரு எல் போர்டு ஒட்டியிருந்தது. இன்று வரை பசை போகவில்லை.

ஜூன் 2 அன்று அந்தப் பக்கத்தை அழித்தேன். மற்றவற்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தின் மீதியை நான் படிக்கவில்லை. படிக்கப் போவதும் இல்லை. உன் எழுத்தை நான் படிப்பதில்லை என்பது நீயே எடுத்துக்காட்டும் ஒப்பந்தம்.

என் நிபந்தனை ஒன்றுதான். செய்தது தவறு, இனி குடும்ப விஷயத்தைத் தளத்தில் போட மாட்டேன் என்று கைப்பட எழுதி அனுப்பு. வந்த அன்றே மற்ற ஐந்து பக்கங்களும் திரும்பும். ஆறாவது திரும்பாது.

அண்ணன்


ஜூன் 15

மேன்மை தங்கிய அண்ணா,

சுருக்கமாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். உன் தளம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று இப்போது புரிகிறது.

மன்னிப்பு எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அதுவும் உன்னைப் போலத்தான், ஓட்டத் தெரியாமல் இல்லை, மனசில்லை. ஏன் தெரியுமா? அந்தப் பக்கம் நான் எழுதியதே இல்லை.

அது அம்மா பேசியது.

ஏப்ரலில் ஒரு நாள். மைதானத்து ஓரத்தில் வெள்ளைக் காரை நிறுத்தியிருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு புதுப்பெண், கல்லூரி முடித்தவள், கிளட்சிலிருந்து காலை எடுக்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். வெளியே மழை. நான் பின்னால் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கமாக அழுகிறவர்களிடம் சொல்லும் எதையும் சொல்லவில்லை. எஞ்சினை அணைக்கச் சொன்னாள். கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். நான் அவள் பேசப் பேசத் தளத்தைத் திறந்து அந்தக் காலிப் பெட்டியில் நேரே தட்டினேன். பேச்சாகவே, ஒரு வார்த்தை மாற்றாமல். முடிந்ததும் அந்தப் பெண் மூக்கைத் துடைத்துவிட்டு மைதானத்தை இரண்டு சுற்று வந்தாள். நிற்காமல்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தாள். "போடு," என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த பதினோரு பேர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள். நர்ஸ் உட்பட. கார்கள் பக்கத்தைப் படித்துவிட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அங்கே இருப்பது நீ எடுத்த படம், வண்டியை விடப் பின்னால் நின்ற நாய் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஆகவே, அழித்ததைத் திரும்ப எடு. எடுத்துப் படி. முழுசாகப் படி. படித்த பிறகும் அது இருக்கக் கூடாது என்று தோன்றினால் எனக்குச் சொல். நீ கேட்ட மன்னிப்பை அழகான கையெழுத்தில், கோடு போட்ட தாளில், ஓரத்தில் பூ வரைந்து அனுப்புகிறேன்.

வேறு எங்கும் அதற்கு நகல் கிடையாது. பெட்டியிலேயே தட்டியதுதான்.

வாலு


ஜூன் 20

வாலுக்கு,

நம்பவில்லை.

ஏன் நம்ப வேண்டும் என்று ஒரு காரணம் சொல். தளம் கட்டிக்கொண்டிருந்தபோது காலி இடத்தில் ஏதாவது எழுத்து நிரப்பு என்றேன். நீ நிரப்பினாய்: "எங்கள் கார்களில் பிரேக் உண்டு. கேட்டால் காட்டுவோம்." ஒப்பந்தப்படி நான் படிக்காமல் ஏற்றினேன். இரண்டு நாள் ஊரே படித்தது. ஆசிரியர் பக்கத்தில் "இவர் ஹாரன் அடிப்பதில்லை, அவரே போதும்" என்று எழுதினாய். நான் இங்கே வந்த வாரம் என் மின்னஞ்சல் முகவரியையும் புது நம்பரையும் நாற்பது இடத்தில் பதிந்து வைத்தாய். ஆடு வளர்ப்புச் சங்கம் இன்னும் எனக்குத் தடுப்பூசித் தேதி அனுப்புகிறது. கர்ப்பிணிகளுக்கான ஆலோசனை வாராவாரம் வருகிறது. இப்போது எனக்கு ஒன்பதாவது மாதமாம். இவ்வளவையும் செய்தவள், அது அம்மா பேசியது என்றால் நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியே அம்மா பேசியதாக இருந்தாலும் எனக்கு அது புதிது இல்லை. உனக்குத் தெரியாது, நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய். அலுவலக அறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே இருப்பது பலகைச் சுவர். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுக்காகத் தளம் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஏழு பெண்கள். அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "பயப்படாதீங்க. என் பையனே ரெண்டு தடவை ஃபெயில். இன்னும் உயிரோடதான் இருக்கான்." ஏழு பேரும் சிரித்தார்கள். வாராவாரம் புது ஏழு பேர். அதே வாக்கியம், அதே இடத்தில் ஒரு நிறுத்தம், அதே சிரிப்பு. பயந்தவர்களுக்குத் தைரியம் வந்தது. என்னை ஊறுகாய் மாதிரித் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டார்கள்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் மகனுக்குக் கார் ஓட்ட வராது. நான் போகும் இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் செய்தி இது. இங்கே எட்டு மாதம் வராமல் இருந்தது. நீதான் அதற்கு வழி காட்டி அனுப்பினாய்.

ஐந்து பக்கங்களையும் இன்று காலை திருப்பிவிட்டேன். உன் மன்னிப்புக்காக இல்லை, பிழைப்பு என்று எழுதியிருந்தாயே, அதற்காக. உன் பாஸ்வேர்டு திரும்பாது. எழுத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமானால் தபாலில் அனுப்பு, நான் போடுகிறேன்.

ஆறாவது பற்றி: அழித்த எதையும் எங்கள் கம்பெனி முப்பது நாள் ஒதுக்கி வைத்திருக்கும். ஜூலை 2 அன்று அது தானாகவே போய்விடும். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன், எல்லோரோடும் ஒரே மேஜையில்.

அண்ணன்


ஜூன் 25
(பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருப்பாய். வரவில்லை என்று சொல்லாதே.)

அண்ணா,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு குறைவாக இருக்கும். இருப்பு இல்லை.

சுவர் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆடுகளை உன் மேல் ஏவியிருக்க மாட்டேன். ஆடுகளுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

நேற்று நர்ஸ் மூன்றாம் வகுப்புக்கு வந்தார். காரில் ஏறும் முன், அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்துக்கொண்டு ஏறலாம் என்று தேடினேன், மற்றதெல்லாம் இருக்கிறது, அதை மட்டும் காணோமே என்று கேட்டார். அம்மா அவர் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். நான் பராமரிப்பு என்று ஏதோ உளறினேன்.

"அவன் எடுத்துட்டானா?" என்றாள்.

நான் ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்தேன். நான் போட்டிருந்தது செருப்பு என்று அம்மாவுக்குத் தெரியும்.

"எடுத்தா எடுக்கட்டும். அவனுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்."

அவ்வளவுதான். காரில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் ஒருவரையும் அதட்டவில்லை. அவள் அதட்டாத நாளில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கூடத் தப்பு செய்யப் பயப்படுகிறார்கள்.

சாயங்காலம் கெஞ்சினேன். மறுபடி ஒரு தடவை சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். முடியாது என்றுவிட்டாள். "அதெல்லாம் ஒரு தடவைதான் வாயில வரும். நான் என்ன டேப் ரெக்கார்டரா?" அப்பாவைத் தூதனுப்பினேன். அவரை உனக்குத் தெரியுமே, பிறவி நியூட்ரல் கியர். போய்விட்டு அப்படியே திரும்பி வந்தார்.

அதில் என்ன இருக்கிறது என்று நானே எழுதிவிடலாம். எழுதினால் வாலு கதை விடுகிறது என்பாய். என் சொல்லுக்கு உன்னிடம் என்ன விலை என்று எனக்கே தெரியும், அதை அப்படி ஆக்கியவளும் நான்தான். அவள் வார்த்தையாகவே இருந்தால்தான் நம்புவாய். அந்த வார்த்தைகள் உன் கம்பெனியில் இருக்கின்றன. ஜூலை 2 வரைக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன். அது உண்மை. ஆனால் வரிசையை மாற்றினேன். "மூணு தடவை ஃபெயில்" என்பது அம்மா ஆரம்பத்தில் சொன்னது இல்லை. நடுவில், குரல் தாழ்ந்து, பாதி மழைச் சத்தத்தில் சொன்னது. அதைத் தூக்கித் தலையில் வைத்தவள் நான். முதல் இரண்டு வரியில் பிடித்து இழுக்காவிட்டால் படிக்க வந்தவன் போய்விடுவான் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். இழுத்தேன். பதினோரு பேர் உள்ளே வந்தார்கள். நீ ஒருவன் மட்டும் அந்த இரண்டு வரியிலேயே வெளியே போய்விட்டாய்.

அந்த ஒரு தப்பு என்னுடையது. மற்ற தப்பெல்லாம் உன்னுடையது. போய்ப் படி.

தங்கை


ஜூலை 1

வாலுக்கு,

உன் பதிவுத் தபால் 29ஆம் தேதி வந்தது. இரண்டு நாள் மேஜை இழுப்பறையில் கிடந்தது. இன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். நீ கேட்டதற்காக இல்லை. "அவனுக்கும் சேர்த்து" என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தாய். அது உன்னால் இட்டுக்கட்ட முடியாத வாக்கியம். உன் இட்டுக்கட்டல்களில் எப்போதும் ஒரு வால் இருக்கும்.

படித்தேன். நீ நகல் எடுத்து வைக்காததால் இங்கே எழுதி வைக்கிறேன். இனி இதற்கு இரண்டு நகல் இருக்கும்.

"ஆயிரம் பேருக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுத்திருக்கேன். என் சொந்தப் பையன் மூணு தடவை டெஸ்ட்ல ஃபெயில். தப்பு அவன் மேல இல்ல. இந்தா, என் பக்கம் ஒரு பிரேக் இருக்கு பார். நீ தப்பு பண்ணும்போது நான் உடனே மிதிக்க மாட்டேன். மூணு எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, அதுக்குள்ள நீயே மிதிச்சிடுவ. எல்லாரும் மிதிச்சிருக்காங்க. அவனுக்கு மட்டும் நான் எண்ணல. அவன் பக்கத்துல உட்கார்ந்தா என் கால் எனக்கு முன்னாடி போயிடும். அவன் பிரேக் எங்க இருக்குன்னு அவன் காலுக்குத் தெரியவே இல்ல, தெரிய நான் விடல. டெஸ்ட்ல நான் பக்கத்துல இல்ல. என் கால் வரும்னு காத்துட்டு இருந்தான், வண்டி போய் முட்டுச்சு. அப்புறம் அதையே வகுப்புல ஜோக்கா சொன்னேன். நான் பண்ணின தப்ப அவன் தலையில வெச்சுச் சொன்னேன். அதனால உனக்குச் சொல்றேன். நீ பயப்படு, பரவாயில்ல. நீ மிதிக்கிற வரைக்கும் நான் மிதிக்க மாட்டேன்."

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் கோபம் வந்தது, ஏனென்றால் அதில் ஒரு தவறு இருக்கிறது.

முதல் தடவை அவள் சொன்னபடிதான். இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை அப்படி இல்லை.

மூன்றாவது தடவை நான் நன்றாக ஓட்டினேன். வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு வாரம் தனியாகப் பழகியிருந்தேன். என் காலுக்குப் பிரேக் தெரிந்திருந்தது. கடைசி வளைவு ஒன்றுதான் பாக்கி. ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். கோட்டுக்கு ஒரு அடி முன்னால் சரியாக நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால், கம்பி வேலிக்கு வெளியே அம்மா. அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. வெறும் தரையை, முழு பலத்தோடு.

எனக்கு அந்தப் பலகைச் சுவர் ஞாபகம் வந்தது. நான் பாஸ் ஆனால் அதுவும் நாளைக்கு வகுப்பில் ஒரு கதை ஆகும் என்று தோன்றியது. எஞ்சினை அணைத்தேன். சாவியை ஆய்வாளர் கையில் கொடுத்தேன். இறங்கி வேலிக்கு வந்து, "என்னால முடியலம்மா" என்றேன். அவள் முகம் அப்போது எப்படி ஆனது என்று எழுத மாட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். அதை எழுதவே இரண்டு தாள் கிழிந்தது.

அவள் தன் தவறு என்று நினைத்துக்கொள்வாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். அடுத்த வாரம் இந்த வேலைக்கு வந்துவிட்டேன்.

பக்கத்தை நீ வைத்த வரிசையிலேயே திரும்பப் போட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தை மீறி அதன் அடியில் என் எழுத்தைச் சேர்த்திருக்கிறேன்: "திருத்தம். மூன்றாவது தடவை ஆசிரியரின் தவறு இல்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. மகன் வேண்டுமென்றே இறங்கிவிட்டு, முடியவில்லை என்று பொய் சொன்னான். இப்படிக்கு, தளத்தைக் கட்டியவன்."

உன் பாஸ்வேர்டைத் திருப்பிவிட்டேன். அந்தத் திருத்தத்தை மட்டும் நீ தொட முடியாதபடி பூட்டியிருக்கிறேன். அதைப் பற்றி என்னிடம் பேசாதே. சுவர் விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பாதே.

அண்ணன்


ஜூலை 7

அண்ணா,

நீ ஒரு கழுதை. இதற்கு மேல் நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன். எல்லாம் தேர்வில் தோற்றுவிட்டன.

நான் உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்ட வேண்டிய வேலையை நர்ஸ் செய்துவிட்டார். இன்று காலை மைதானத்தில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகியபின், ஒரே நிமிடம் என்று போனை எடுத்தார். பக்கம் திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டுப் படித்தார். அடிவரைக்கும் படித்தார். திருத்தத்தையும் சேர்த்து.

அம்மா முதலில் எஞ்சினை அணைக்கச் சொன்னாள். பிறகு போனை வாங்கினாள். பிறகு கண்ணாடியைத் தேடினாள், அது அவள் தலையிலேயே இருந்தது.

"வேணும்னே இறங்கினானா?"

நான் பின்னால் இருந்தேன். ஆமாம் என்றேன்.

"வண்டி நல்லா ஓடுச்சாமா?"

ஆமாமாம் என்றேன்.

அழுவாள் என்று நீ எதிர்பார்த்தால் ஏமாந்தாய். கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. இத்தனை மாதம் வேலிக்கு வெளியே தான் நின்ற இடத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாளாம். அன்றைக்குப் போகாமல் இருந்திருக்கலாம், போனதுதான் போனோம், ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கலாம் என்று. அந்த மைதானத்தில் மரமே கிடையாது, அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் நர்சைப் பார்த்துச் சொன்னாள். நர்ஸ் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தான்தான் இறங்கி ஓடியது மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தத் திருத்தத்தை எடு என்றாள். எடுக்க முடியாது, அவன் பூட்டியிருக்கிறான் என்றேன். பூட்டை உடை என்றாள். அமைப்பில் நான் கை வைக்கக் கூடாது, ஒப்பந்தம் என்றேன். அவன் மீறலையா என்றாள். அவன் மீறினான், அதனால் நானும் மீறினால் இந்தத் தளத்தில் ஒழுங்காக நடப்பது எதுவும் மிஞ்சாது என்றேன். என் வாயிலிருந்து வந்த வாக்கியம்தானா என்று எனக்கே சந்தேகம்.

"படிக்க வர்றவங்களுக்கு வாத்தியார் தப்புன்னுதான் தெரியணும். அப்பத்தான் அவங்களுக்குத் தைரியம் வரும். இவன் எதுக்குக் குறுக்கே வந்து நான்தான் நான்தான்னு?"

"அது நான் போட்டது இல்லம்மா. போட்டவன்கிட்ட சொல்லு."

"நம்பர் குடு."

எட்டு மாதத்தில் அவள் உன் புது நம்பரைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நீ என்னை முடக்கியிருந்தாலும் உன் நம்பர் எனக்கு மனப்பாடம், ஆடு வளர்ப்புச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்துப் பழக்கம். சொன்னேன். என்னையும் நர்சையும் காரை விட்டு இறங்கச் சொன்னாள். ஓட்டுநர் பக்கம் மாறி உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள்.

அவள் அழைத்தது பதினொன்று பத்துக்கு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதெல்லாம் உனக்குப் பழைய செய்தி. எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. நாங்கள் இருவரும் வெயிலில் நின்று கண்ணாடி வழியாக வாய் அசைவதை மட்டும் பார்த்தோம். திட்டு என்பதில் சந்தேகமில்லை. ஒரு கை ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே இருந்தது, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டது. நடுவில் கொஞ்ச நேரம் அவள் வாய் அசையவில்லை. அப்போது நீ ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். பிறகு மறுபடி குத்த ஆரம்பித்தாள்.

நர்ஸ் மணி பார்த்தார். முப்பத்திரண்டு நிமிடம். அவருடைய வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் போயிற்று. நானும் பார்த்துக்கொண்டே நின்றேன், எப்போது போனைத் தூக்கி இருக்கையில் எறிவாள், எப்போது நீ வைத்துவிடுவாய் என்று.

நீ வைக்கவில்லை.

வாலு